பின்னால் வரும் வண்டிக்குச் சிவப்பு

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ரத்தம் எடுப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஊசி, குழாய், ஐஸ் பெட்டி, ஒட்டுச்சீட்டு, இதையெல்லாம் இரண்டு வாரத்தில் கை கற்றுக்கொண்டுவிடும். கை புத்திசாலி. நான் சொல்ல வந்தது நாக்கைப் பற்றி. பத்தொன்பது வருடம் இந்த ஆய்வகத்தின் நாக்காக இருந்தவள் நான். டாக்டர்களுக்குத் தெரிந்ததை மனிதர்களுக்குச் சொல்வது, மனிதர்களுக்கு நேர்ந்ததை டாக்டர்களுக்குச் சொல்வது, நடுவில் கையெழுத்து வாங்குவது. இப்போது விருப்ப ஓய்வு வாங்கிவிட்டேன். ஆனால் ஓய்வு என்னிடம் ஒட்டமாட்டேன் என்கிறது. பவானிபூரில் மெட்ரோ ஏறுகிறேன், காரணமில்லாமல் எங்கோ இறங்குகிறேன், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புகிறேன். போகிற வழியெல்லாம் யாருக்கோ எதையோ விளக்கிக்கொண்டிருக்கிறது வாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் ஆய்வு எதைத் தேடுகிறது என்று உங்களுக்குத் தெரியும். இதை வாங்கிப் படிக்கப்போகும் உங்கள் வீட்டாருக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பெரிய அதிர்ச்சி ஒன்று சிலரிடம் வந்து, நாள் போன பின்னும் போகாமல் தங்கிவிடுகிறது. சின்னச் சத்தத்துக்கு உடம்பு தூக்கிப்போடுகிறது. தூக்கம் நிற்பதில்லை. ஒருமுறை நடந்தது உள்ளே மறுபடி மறுபடி நடக்கிறது. பி.டி.எஸ்.டி என்று பெயர். இவர்களுடைய மரபணுவில் எழுத்து எதுவும் மாறியிருப்பதில்லை. ஆனால் அந்த எழுத்துகளின் மேல் ஒட்டிக்கொள்ளும் நுண்ணிய வேதிக் குறிகள் இருக்கின்றன. எந்த மரபணு உரக்க வேலை செய்வது, எது அடங்கிக் கிடப்பது என்பதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. அதிர்ச்சி தங்கியவர்களிடம் இந்தக் குறிகள் சில இடங்களில் கூடியோ குறைந்தோ இருக்கின்றனவா, சிகிச்சைக்குப் பின் நகர்கின்றனவா என்பதுதான் கேள்வி. நிறையப் பேரைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு சாய்வு தெரியலாம். ஒரே ஒருவருடைய ரத்தத்தைப் பார்த்து அவரைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. இந்தக் கடைசி வாக்கியத்தை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகும் கதையின் கடைசியில் அதை வெளியே எடுக்க வேண்டிவரும்.

அவரைத் தணிகாசலம் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பெயரை அவரே தேர்ந்தெடுத்தார். எழுதட்டுமா என்று கேட்டபோது, எழுதுங்க மேடம், ஆனா கம்பீரமா ஒரு பெயர் வையுங்க என்றார். சரக்கு ரயில் ஓட்டியவர். அப்பா காலத்தில் அரக்கோணத்திலிருந்து வங்காளத்துக்கு வந்து, சாந்த்ராகாச்சி ரயில் யார்டு ஓரத்தில் நிலைத்துவிட்ட குடும்பம். எங்களிடம் வருவதற்கு நான்கு வருடம் முன்னால், ஒரு காலையில், வளைவு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே ஒரு மனிதர் நின்றிருந்தார். தணிகாசலம் ஹார்ன் அடித்தார், பிரேக் போட்டார். அவ்வளவு கனம் அந்தத் தூரத்துக்குள் நிற்காது என்பது பிரேக்கில் கை வைக்கும்போதே அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்கு மேல் அவர் சொன்னதில்லை, நான் கேட்டதுமில்லை. அதன்பின் வண்டி ஓட்ட முடியவில்லை. யார்டு ஆபீசில் நாற்காலி கொடுத்தார்கள். தூக்கத்தில் அவருடைய கை போர்வை ஓரத்தைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும் என்று அவர் மனைவி கோமதி சொன்னார். காலையில் பார்த்தால் போர்வை முழுக்க அவரிடம் இருக்குமாம், கோமதி குளிரில் கிடப்பாராம். சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்பு ஒருபோதும் வற்றவில்லை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். என் ஐஸ் பெட்டியை முதல்முறை பார்த்ததும் தணிகாசலம் கேட்டது, "இன்னைக்கு என்ன மீன் மேடம், இலிஷா?" என்றுதான்.

அவர் வீட்டிலேயே ஒப்புதல் படிவத்தை விளக்க வேண்டும். எனக்கோ உவமை எப்போதும் நாக்கு நுனியில் நிற்கும். ரயில் ஓட்டியவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், ஜன்னலுக்கு வெளியே யார்டு, இதைவிட என்ன வேண்டும்? சொன்னேன்: சார், மரபணு தண்டவாளம் மாதிரி. அது மாறவில்லை. அதன் ஓரத்தில் இருக்கிற சிக்னல்தான் மாறுகிறது. அதிர்ச்சி வந்த அன்றைக்குச் சில சிக்னல்கள் சிவப்பாகி, அப்படியே நின்றுவிட்டன. அது திரும்பப் பச்சையாகுமா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை.

அவர் முகம் மலர்ந்தது. இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை என்றார். கையெழுத்துப் போட்டார். திரும்பும் பஸ்ஸில், இரண்டாவது பாலத்தின் உச்சியில், கீழே ஹூக்ளி ஆறு வெயிலில் தகதகக்க, நான் என்னையே மெச்சிக்கொண்டேன். அந்த மெச்சலை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

அவர் ஒரு வாரம்கூடத் தவறாமல் சிகிச்சைக்கு வந்தார். உளவியல் டாக்டருடன் பேசிவிட்டு வெளியே வரும்போது எனக்கு ஒரு நகைச்சுவை சொல்லிவிட்டுப் போவார். நான்கு மாதம் முடிந்தது, இரண்டாம் முறை ரத்தம் எடுத்தோம், எல்லாம் ஒழுங்கு என்று நினைத்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் கோமதி போன் செய்தார்.

"நீங்க இவர்கிட்ட சிக்னல்னு என்னமோ சொன்னீங்களாமே. அதை நீங்களே வந்து திருப்பி எடுத்துக்கிட்டுப் போங்க."

அவர்களுடைய ஒரே மகள் பிருந்தா ஒரு வங்காளிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு பெஹாலாவில் இருக்கிறாள். நான் உவமை சொன்ன அதே வாரத்தில்தான் அவள் முழுகாமல் இருக்கும் செய்தி வந்திருக்கிறது. அன்றிலிருந்து தணிகாசலம் பெஹாலா பக்கமே போகவில்லை. ஒரு வாரம் காய்ச்சல், ஒரு வாரம் டூட்டி, ஒரு வாரம் முழங்கால். இப்போது ஏழாம் மாதம். வருகிற ஞாயிறு காலை வளைகாப்பையும், வங்காளிகள் கர்ப்பிணிக்கு ஆசைப்பட்டதெல்லாம் ஊட்டும் ஷாத் சடங்கையும் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். அதற்கும் வரமாட்டேன் என்கிறார். தன் புகுந்த வீட்டை அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்று மகள் முடிவு கட்டிவிட்டாள். சம்பந்திகளும் அதையே நினைக்கிறார்கள். நேற்றுத்தான் மனுஷன் வாயைத் திறந்தாராம். ஆட்டோமேட்டிக் சிக்னல் உள்ள பாதையில் ஒரு வண்டி நின்றுவிட்டால், சிவப்பு விழுவது அந்த வண்டிக்கு இல்லை. அதன் பின்னால் வருகிற வண்டிக்கு. நின்றுபோன வண்டி நான். சிவப்பு என் பின்னால் வருகிறவர்களுக்குத்தான், மகளுக்கும் அவள் வயிற்றில் இருப்பதற்கும் என்றாராம்.

பார்த்தீர்களா, அவர் என் உவமையைத் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. என்னைவிடச் சரியாகப் புரிந்துகொண்டார். நான் அரைகுறையாகச் சொன்னதை முப்பது வருட அனுபவத்தோடு முழுதாக முடித்துவைத்தார். நாம் ஒரு உவமையைப் பாதி கட்டி ஒருவர் கையில் கொடுக்கிறோம். மீதியை அவர் தன் தொழிலிலிருந்து கட்டிக்கொள்கிறார். அந்த மீதியில் யார் குடியேறுவார்கள் என்று நாம் கேட்பதே இல்லை.

எங்கள் ஆய்வின் தலைமை டாக்டரை எல்லோரும் பொர்தி, அதாவது பெரியக்கா, என்று கூப்பிடுவோம். திட்டு விழும் என்று எதிர்பார்த்துத்தான் அவர் அறைக்குப் போனேன். கிண்ணத்தில் பொரியைக் கொறித்துக்கொண்டே முழுக்கக் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: விபத்து நடந்தபோது அந்த மகளுக்கு என்ன வயது?

படிவத்தைப் பிரித்தேன். குடும்ப விவரப் பக்கம். என் கையெழுத்து, என் நீல மை. விபத்தன்று மகளுக்கு இருபத்து நான்கு வயது முடிந்திருந்தது. அவள் பிறந்து, பள்ளி, காலேஜ் எல்லாம் முடித்த பிறகுதான் அவருக்கு அந்தக் காலை வந்திருக்கிறது. அதில் விழுந்த குறி எப்படிப் பின்னோக்கிப் போய் இவளைத் தொடும்? நானே எழுதி, நானே படிக்காமல் விட்டிருந்தேன். பொர்தி என்னைப் பார்த்தார், நான் பொர்தியைப் பார்த்தேன், பொரி சிதறச் சிரித்தோம். சிரித்து முடித்துவிட்டு அவர் மற்றதையும் சொன்னார். விபத்துக்குப் பிறகு பிறந்த குழந்தையாக இருந்தாலும் பயமுறுத்த நமக்கு உரிமை இல்லை. புது உயிர் உருவாகும்போது இந்தக் குறிகளில் பெரும்பாலானவை துடைக்கப்பட்டுப் புதிதாக எழுதப்படுகின்றன. மனிதர்களில் அவை தலைமுறை தாண்டுகின்றனவா என்பது இன்னும் தீராத கேள்வி. போய்ச் சொல், ஆனால் இந்த முறை உவமையை இங்கேயே வைத்துவிட்டுப் போ என்றார்.

மறுநாள் சாந்த்ராகாச்சி. குளிர்கால ஏரியில் எங்கிருந்தோ வந்த வாத்துகள் இடம் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தன. தணிகாசலம் கதவைத் திறந்து என் கைகளைப் பார்த்தார்.

"பெட்டியைக் காணோமே மேடம். இன்னைக்கு மீன் இல்லையா?"

உட்கார்ந்தேன். நான்கு மாதம் முன்னால் நான் சொன்னது தப்பு என்று முதலில் சொன்னேன். பிறகு மொட்டையாக, அழகே இல்லாமல் சொன்னேன். "சார், பிருந்தா எப்ப பொறந்தா, அந்தக் காலை எப்ப வந்தது, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க."

அவர் பார்த்தார். உதடு அசைந்தது. வெளியே ஏதோ இரண்டு பெட்டிகள் இணைகிற இரும்புச் சத்தம் வந்தது, தோள் ஒருமுறை குலுங்கியது, ஆனால் கண் கணக்கிலேயே இருந்தது. கடைசியில் மெதுவாகச் சொன்னார். "அப்ப அவ வண்டி எனக்கு முன்னாடியே போயிடுச்சு."

"நான் ஒண்ணும் சொல்லல சார். எனக்கு இப்ப உவமைக்குத் தடை."

வாய்விட்டுச் சிரித்தார். அடுப்படியிலிருந்து கோமதி வந்தார். ஊரில் ஓடுகிற வண்டிக்கெல்லாம் நேரம் மனப்பாடமாகச் சொல்கிற மனுஷன், பெற்ற பெண்ணின் வயசை நான்கு மாதமாகக் கூட்டிப் பார்க்கவில்லையே என்று டீயை ஓசையோடு வைத்தார். அதோடு முடிந்தது என்று நான் டீயை எடுத்தேன். முடியவில்லை.

"ரத்தம் சரி. நான்?" என்றார் தணிகாசலம். "சத்தம் கேட்டா தூக்கிப்போடுது. அவ பக்கத்துல உக்காந்திருக்கும்போது நான் அலறிட்டா? வயித்துல இருக்கறதுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

எழுதித் தர முடியாது. அப்படி ஒரு காகிதம் யாரிடமும் இல்லை. அதையே சொன்னேன். நீங்கள் வராமல் இருக்கிற ஒவ்வொரு வாரமும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும் என்னால் எழுதித் தர முடியாது என்று சேர்த்துச் சொன்னேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். பார்க்கலாம் என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் பாலத்தைத் தாண்டித் திரும்பினேன். இந்த முறை மெச்சிக்கொள்ள ஒன்றுமில்லை.

ஞாயிறு. பெஹாலாவில் மூன்றாம் மாடி. கோமதி என்னையும் அழைத்திருந்தார். அந்த வீட்டைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். ஒரு பக்கம் புது வெல்லப் பாயசத்தின் மணம், மறு பக்கம் புளியோதரை. முதலில் பாயசம் ஊட்டுவதா, வளையல் போடுவதா என்று இரண்டு அம்மாக்களும் ஆளுக்கொரு மொழியில் வாதாட, நடுவில் பிருந்தா பட்டுப்புடவையில், இரண்டு மொழியிலும் இரண்டு பேருக்கும் தப்பாக மொழிபெயர்த்துச் சமாதானம் செய்துகொண்டிருந்தாள். மாமியார் போட்ட வெள்ளைச் சங்கு வளையலும் சிவப்புப் பவள வளையலும் ஏற்கெனவே அவள் கையில். கண் மட்டும் வாசலில்.

தணிகாசலம் வந்தார். புது வேட்டி, கையில் ஒரு தூக்கு எலுமிச்சை சாதம். பிருந்தாவின் முகத்தில் ஏறிய வெளிச்சத்தை நான் எழுதமாட்டேன், உவமை வந்துவிடும். அவர் வாசல்படியில் கால் வைத்த நேரம், சம்பந்தியை வரவேற்கிற உற்சாகத்தில் மருமகன் அனிர்பானின் அம்மா சங்கை எடுத்து ஊதினார்.

ஒரு நீண்ட, அடிவயிற்றிலிருந்து வருகிற ஊதல். தணிகாசலத்தின் கை காற்றில் எதையோ பிடித்துத் தன் பக்கம் இழுத்தது. தூக்கு நழுவியது. அனிர்பான் பாய்ந்து அதைப் பிடித்தான். நிமிர்ந்து பார்த்தால் மாமனார் இல்லை. வெளியே, மாடிப்படி வளைவில், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றிருந்தார்.

"போயிட்டாரா?" என்றாள் பிருந்தா. அவ்வளவுதான் கேட்டாள்.

நான் வெளியே போனேன். எனக்குப் பின்னால் வாசல் முழுக்க முகங்கள், இரண்டு குடும்பத்து முகங்களும். பிருந்தா நாற்காலியிலிருந்து எழுந்து நிலைப்படியைப் பிடித்து நின்றாள். தணிகாசலம் திரும்பாமலே கேட்டார்.

"ரெண்டாவது தடவை ரத்தம் எடுத்தீங்களே மேடம். என்னோட சிவப்பு போயிடுச்சா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க. உள்ளே போறேன்."

உங்களுக்கு இந்த நிமிடம் வரும். உங்கள் மொத்த வேலையும் இந்த மாதிரி ஒரு படிக்கட்டில் வந்து நிற்கும். பச்சை விழுந்துவிட்டது சார் என்று மூன்றே சொல்லில் முடித்திருக்கலாம். அவர் உள்ளே போயிருப்பார், எல்லோரும் சாப்பிட்டிருப்போம், யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. அந்தப் பொய் என் நாக்கில் வெல்லம் மாதிரி இனித்தது. ஆனால் அடுத்த முறை ஒரு சத்தத்துக்கு அவர் உடம்பு தூக்கிப்போடும்போது, பச்சை விழுந்த பிறகும் நான் இப்படித்தானா என்று அவர் தன்னைத்தானே கேட்டுக்கொள்வாரே, அப்போது நான் எந்தப் படிக்கட்டில் நின்று பதில் சொல்வேன்?

"தெரியாது சார்," என்றேன்.

திரும்பினார். "தெரியாதா?"

"தெரியாது. உங்க ஒருத்தர் ரத்தத்தை வெச்சு எனக்கு மட்டும் இல்ல, யாருக்குமே தெரியாது. பச்சைன்னும் சொல்லமாட்டேன், சிவப்புன்னும் சொல்லமாட்டேன்."

அவர் முகம் சுருங்கும் என்று பயந்தேன். ஆனால் அதில் மெல்ல ஒரு தொழில்காரர் எழுந்து வந்தார். நான் அதுவரை சந்திக்காதவர், வண்டி ஓட்டிய தணிகாசலம்.

"அன்னைக்குப் பாதி ரூலைத்தான் நான் நெனச்சேன் மேடம்," என்றார். "ஆட்டோமேட்டிக் சிக்னல்ல சிவப்பு இருந்தா நாள் முழுக்க நிக்கிறதில்ல. பகல்ல ஒரு நிமிஷம் நிக்கணும். அப்பவும் மாறலைன்னா ஹார்ன் அடிச்சிட்டு, பாத்துப் பாத்து, மெதுவாப் போகலாம். எத்தனையோ தடவை போயிருக்கேன்."

சொல்லிவிட்டு மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். விளையாடவில்லை. உண்மையாகவே பார்த்தார். வாசலில் யாரும் அசையவில்லை. என்ன ஆயிற்று என்று சம்பந்தி அம்மாள் வங்காளியில் கிசுகிசுக்க, அனிர்பான் அவர் காதில் ரயில்வே விதியை மொழிபெயர்த்தான். கீழே ஆட்டோ ஒன்று போனது. யார் வீட்டிலோ குக்கர் விசிலடித்தது. ஒரு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் கையை இறக்கினார். சம்பந்தி அம்மாளைப் பார்த்து, ரயில்வேக்காரர்களின் அந்த முரட்டு வங்காளியில், இப்போது ஊதுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

அந்த அம்மாள் சங்கை எடுத்தார். ஊதல் எழுந்தது. தணிகாசலத்தின் தோள் ஒருமுறை துள்ளியது, நான் பார்த்தேன், எல்லோரும் பார்த்தோம், அவருக்கும் தெரியும் நாங்கள் பார்த்தது. கால் நிற்கவில்லை. ஒவ்வொரு அடியாக, அவசரமே இல்லாமல், வாசலைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தார். பெண்கள் குலவையிட்டார்கள். கோமதி, ஆம்பளைக்கு வளைகாப்பில் என்ன வேலை என்று அழுதுகொண்டே கேலி செய்தார்.

பிருந்தா நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். "லேட்டுப்பா," என்றாள்.

"சரக்கு வண்டிம்மா," என்றார் அவர். "எப்பவும் லேட்டுதான். ஆனா வந்துடும்."

தட்டில் கண்ணாடி வளையல்கள் நிறம் நிறமாகக் கலந்து கிடந்தன. அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். சிவப்பை ஒதுக்கி, மஞ்சளை ஒதுக்கி, பச்சையாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி, ஒவ்வொன்றாக அவள் கையில் ஏற்றினார்.